அயல் ஆக்கிரமிப்பு இனங்கள்: ஆராய்ச்சி வளர்ந்த கதையும் அதற்குப் பணம் வரும் வழியும்

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீமைக்கருவேலம், உண்ணிச்செடி, ஆகாயத்தாமரை, படைப்புழு, சுருள் வெள்ளை ஈ என்று பெயர்களைச் சொன்னால் எல்லோருக்கும் தெரியும். இவற்றை இந்தியாவில் யார் ஆராய்கிறார்கள், அந்த ஆராய்ச்சிக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. பூச்சியியல் படித்து இந்தத் துறையை ஒட்டியே வேலை பார்த்தவன் என்பதால், விவசாயிகளும் மாணவர்களும் இயற்கை ஆர்வலர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்து, எனக்குத் தெரிந்த வரை பதில் எழுதியிருக்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து வந்த எல்லாமே ஆக்கிரமிப்பு இனம்தானா?

இல்லை. மிளகாய், தக்காளி, நிலக்கடலை, மரவள்ளி எல்லாமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. நட்ட இடத்தில் நிற்கின்றன. நாம் கைவிட்டால் அழிந்துபோகின்றன. வந்த இடத்தில் தானாகப் பெருகி, பரவி, அங்கிருக்கும் உயிர்களையோ பயிரையோ மனிதர்களின் உடல்நலத்தையோ கெடுத்தால்தான் அது ஆக்கிரமிப்பு இனம்.

சட்டத்திலும் இதற்கு இடம் வந்துவிட்டது. வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022ல் செய்த திருத்தம் மூலம் 62ஏ என்ற பிரிவு சேர்ந்தது. இத்தகைய இனங்களின் இறக்குமதி, வளர்ப்பு, பரவலைக் கட்டுப்படுத்த மத்திய அரசுக்கு அது அதிகாரம் தருகிறது. ஆனால் “இந்தியாவைப் பூர்வீகமாகக் கொள்ளாத” தாவரமும் விலங்கும்தான் அந்த வரையறைக்குள் வரும். அந்தமான் தீவுகளில் காட்டின் இளங்கன்றுகளை மேய்ந்து தீர்ப்பது புள்ளிமான். பிரிட்டிஷார் காலத்தில் கொண்டுபோய் விட்டது. பூர்வீகம் இந்தியப் பெருநிலம். அதனால் சட்டத்தின் கண்ணில் அது அயல் இனம் ஆகாது. உயிரினங்களுக்கு நாட்டெல்லை தெரியாது. தீவுக்கு மான் அயல்தான். இந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்பது என் கருத்து.

நம்மூர் உயிரினம் இன்னொருவர் வீட்டில் ஆக்கிரமிப்பு ஆவதும் உண்டு. நம் நகரங்களில் மலேரியா பரப்பும் அனோஃபிலிஸ் ஸ்டீபன்சி கொசு இலங்கையில் இருந்ததே இல்லை. 2016 செப்டம்பரில் அந்த நாடு மலேரியா அற்றதாக அறிவிக்கப்பட்டது. அதை ஒட்டிய மாதங்களிலேயே மன்னார் தீவில் இந்தக் கொசுவைக் கண்டார்கள். பிறகு யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள்.

இந்தியாவில் இந்த ஆராய்ச்சி எப்போது தொடங்கியது?

ஒரு தவறிலிருந்து தொடங்கியது. சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை இந்தியாவில் வளர்க்க வேண்டும் என்பது கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆசை. அந்தப் பூச்சி வாழ்வது சப்பாத்திக்கள்ளியில். சென்னை சைதாப்பேட்டையில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இதற்காகவே ஒரு கள்ளித் தோட்டம் போட்டார். 1795ல் பிரேசிலிலிருந்து பூச்சி கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் வந்தது சாயப் பூச்சி இல்லை. அதன் காட்டு உறவு. சாயம் சரியாகத் தரவில்லை. அதற்குப் பதில் புதர்புதராக மண்டிக் கிடந்த கள்ளி இனம் ஒன்றைத் தின்று தீர்த்தது. 1830களில் அந்தப் பூச்சியைத் தென்னிந்தியாவுக்கு வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டார்கள். 1860களில் இலங்கைக்கும் போனது. ஒரு களையை ஒரு பூச்சியை வைத்து அடக்கலாம் என்று உலகம் கற்றதில் இது முதல் பாடங்களில் ஒன்று. இந்த முறைக்குத்தான் உயிரியல் கட்டுப்பாடு என்று பெயர்.

இன்னொரு வகைக் கள்ளி அந்தப் பூச்சிக்கு மசியவில்லை. 1926ல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினீல் இனம் கொண்டுவரப்பட்டு, சில ஆண்டுகளில் தென் மாவட்டத்துக் கள்ளிக்காடுகள் சுருங்கின. இன்று நம் ஊர்ப்புறங்களில் சப்பாத்திக்கள்ளி அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்பதற்குக் காரணம் அதுதான். கள்ளியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருப்பதை நகத்தால் கீறிப் பாருங்கள், சிவப்பாக வரும். நூறாண்டு வேலையை இன்னும் செய்துகொண்டிருக்கும் பூச்சி அது.

நாடு தழுவிய அமைப்பாக எப்போது மாறியது?

சட்டம் முதலில் வந்தது: அழிவுசெய் பூச்சிகள் சட்டம், 1914. துறைமுகத்தில் தடுப்பது அதன் நோக்கம். ஆராய்ச்சி அமைப்பு வர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1957ல் காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிறுவனம் பெங்களூரில் ஒரு நிலையம் திறந்தது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1977ல் உயிரியல் கட்டுப்பாட்டுக்கும், அடுத்த ஆண்டு களைக் கட்டுப்பாட்டுக்கும் அகில இந்திய ஒருங்கிணைந்த திட்டங்களைத் தொடங்கியது. 1989ல் ஜபல்பூரில் களை அறிவியலுக்குத் தேசிய மையம், 1993ல் பெங்களூரில் உயிரியல் கட்டுப்பாட்டுக்கு இயக்ககம். பெங்களூர் நிறுவனம் பலமுறை பெயர் மாறி, 2014 முதல் தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் என்று அழைக்கப்படுகிறது. விவசாயத்தைத் தாக்கும் அயல் பூச்சி எது வந்தாலும் நாடு முதலில் திரும்பிப் பார்க்கும் இடம் இதுதான்.

காட்டுப் பக்கம் கதை மெதுவாக நகர்ந்தது. டேராடூனில் வன ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய வனஉயிரின நிறுவனமும், கோவையில் வன மரபியல் நிறுவனமும், கேரளத்தில் பீச்சி வன ஆராய்ச்சி நிறுவனமும் அவரவர் அளவில் செய்தார்கள். 1992ல் பல்லுயிர் உடன்படிக்கை வந்த பிறகுதான் ஆக்கிரமிப்பு இனம் என்ற சொல்லே அவர்களுடைய திட்ட அறிக்கைகளில் தலைப்பாக ஏறியது.

மத்திய பட்ஜெட்டில் இதற்கென்று தனி ஒதுக்கீடு உண்டா?

கிடையாது. இதுதான் முதல் சிக்கல். பூச்சி என்றால் வேளாண் அமைச்சகம், உண்ணிச்செடி என்றால் சுற்றுச்சூழல் அமைச்சகம், மீன் என்றால் மீன்வளத் துறை, டெங்கு கொசு என்றால் சுகாதாரத் துறை, கப்பலோடு வரும் சிப்பி என்றால் துறைமுகத்தையும் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி, போன வருடம் இந்தியா இதற்காக இவ்வளவு செலவிட்டது, அதில் ஆராய்ச்சிக்கு இவ்வளவு என்று சொல்லும் ஒரு பக்கக் கணக்கு இல்லை.

அமெரிக்காவில் 1999ல் அதிபர் கிளின்டன் போட்ட ஆணையால் தேசிய ஆக்கிரமிப்பு இன மன்றம் உருவானது. அது செய்த வேலைகளில் எனக்குப் பெரிதாகப் படுவது, எல்லாத் துறைகளின் செலவையும் தடுப்பு, கண்டுபிடிப்பு, கட்டுப்பாடு, ஆராய்ச்சி என்று பிரித்து ஒரே அட்டவணையில் வைத்தது. கணக்கு ஒரே இடத்தில் இருந்தால்தான் எது குறைகிறது என்று கேட்கவே முடியும்.

நம் நாட்டிலும் ஒரு முயற்சி நடந்தது. செடி, விலங்கு உயிர்ப்பாதுகாப்பை ஒரே ஆணையத்தின் கீழ்க் கொண்டுவரும் வேளாண் உயிர்ப்பாதுகாப்பு மசோதா 2013 மார்ச்சில் மக்களவைக்கு வந்தது. மறு ஆண்டு அந்த மக்களவை முடிந்தபோது மசோதாவும் காலாவதி ஆனது.

அப்படியானால் பணம் எந்த வழியாக வருகிறது?

நான்கு வழி.

முதலாவது நிரந்தர நிறுவனங்களின் ஆண்டு ஒதுக்கீடு. அதில் பெரும்பகுதி சம்பளத்துக்கே போய்விடும். ஒருங்கிணைந்த திட்டங்களில் மாநில வேளாண் பல்கலைக்கழக மையங்களுக்கு மத்திய பங்கு 75 சதவீதம், மாநிலப் பங்கு 25 சதவீதம். மாநிலப் பங்கு தாமதமானால் பூச்சி வளர்க்கும் கூடத்தில் தற்காலிக ஆளை நிறுத்துவார்கள். ஆள் நின்றால் வளர்ப்பு அறுந்துபோகும். பூச்சி பட்ஜெட்டுக்காகக் காத்திருக்காது.

இரண்டாவது, போட்டி போட்டு வாங்கும் திட்ட நிதி. அறிவியல் தொழில்நுட்பத் துறை, உயிர்த்தொழில்நுட்பத் துறை போன்றவை தருவது. அடிப்படை ஆராய்ச்சிக்கான நிதியை 2024 முதல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை கவனிக்கிறது. ஐந்தாண்டில் 50,000 கோடி ரூபாய் என்பது அதன் இலக்கு. அதில் பெரும்பங்கு தனியாரிடமிருந்து வர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. ஒரு செல்போன் சில்லுக்குத் தனியார் காசு வரும். உண்ணிச்செடியின் விதை மண்ணுக்குள் எத்தனை வருடம் உயிரோடு கிடக்கிறது என்று பார்க்க எந்தத் தனியார் வருவார்? இந்த வகை நிதி வழக்கமாக மூன்று ஆண்டுக்குத்தான். களையோ விதையாக மண்ணில் அதைவிட நீண்ட காலம் காத்திருக்கும். மூன்றாம் ஆண்டு ஆய்வு மாணவர் அறிக்கை எழுதிவிட்டுக் கிளம்பும்போதுதான் நிலத்தில் பார்க்க வேண்டியதே தொடங்கும்.

மூன்றாவது வெளிநாட்டு உதவி. நான்காவது, காட்டில் களை அகற்ற வரும் பணம்: காடழிப்புக்கு ஈடாகக் கட்டப்படும் இழப்பீட்டு நிதி, மாநில அரசின் திட்டங்கள், நீதிமன்ற உத்தரவுக்குப் பின் ஒதுக்கப்படும் தொகை. இந்த நான்காவது வழியில் புரளும் தொகை பெரிது. ஆனால் அது வெட்டுவதற்கும் அள்ளுவதற்கும்தான். வெட்டிய இடத்தில் அடுத்து என்ன முளைக்கிறது என்று பார்க்க அதில் பெரும்பாலும் பங்கு இருப்பதில்லை.

ஆராய்ச்சிக்குப் போடும் காசு திரும்பி வருமா?

பப்பாளி மாவுப்பூச்சியை எடுத்துக்கொள்வோம். மெக்சிகோவைச் சேர்ந்தது. 2008ல் கோவையில் முதன்முதலாகக் கண்டார்கள். அடுத்த வருடம் உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு மல்பெரித் தோட்டத்துக்குப் போயிருந்தேன். செடியின் நுனி முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. கிளையைப் பிடித்தால் கை பிசுபிசுத்து, மாவு ஒட்டிக்கொண்டது. பட்டுப்புழு அந்த இலையைத் தொடவில்லை. “பத்து நாளைக்கு ஒருக்கா மருந்து அடிக்கறேன் சார், மருந்து அடிச்ச எலையப் புழுவுக்குப் போட முடியாது, அடிக்காட்டி எலையே இல்ல” என்றார் தோட்டக்காரர். அவர் செடிகளைப் பிடுங்கப் போவதாகச் சொன்னார். பக்கத்துத் தோட்டத்தில் பிடுங்கியே விட்டிருந்தார்கள்.

2010 ஜூலையில் அமெரிக்க வேளாண் துறையின் போர்ட்டோ ரிக்கோ நிலையத்திலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூர் வந்தன. எறும்பைவிடச் சின்னவை. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு உள்ளேயே தின்று வளர்ந்து ஒரு துளை போட்டு வெளியே வரும். தனிமைக்காப்பில் சோதித்து, பெருக்கி, வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் பட்டு வாரியத்துக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களுக்கும் கொடுத்தார்கள். மூன்றில் அசரோபேகஸ் பப்பாயே என்ற குளவி பிடித்துக்கொண்டது. சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கத் தொடங்கியது. விவசாயி மருந்துக்குச் செலவழிப்பதும் நின்றது. பின்னாளில் பொருளாதார ஆய்வாளர்கள் போட்ட கணக்கில் ஐந்தாண்டு நன்மை 52 கோடி டாலருக்கும் 134 கோடி டாலருக்கும் இடையில் வந்தது.

இலங்கையில் இன்னும் தெளிவான கணக்கு உண்டு. சால்வீனியா என்ற மிதக்கும் களை 1939ல் கொழும்பில் தாவரவியல் படிப்புக்காகக் கொண்டுவரப்பட்டு, தப்பித்துக் குளங்களையும் வயல்களையும் மூடியது. 1986ல் ஆஸ்திரேலிய நிதியுதவியோடு ஒரு கூன்வண்டை விட்டார்கள். 1989ல் வெளியான மதிப்பீடு, போட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் 53 ரூபாய் நன்மை என்றது. இப்படித் திருப்பித் தரும் வேறு முதலீடு எத்தனை இருக்கிறது என்று நிதித் துறையில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பூச்சிக்குப் பெயர் வைப்பவர்களுக்கு ஏன் காசு? வயலுக்கு நேராகக் கொடுத்தால் என்ன?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் மரவள்ளி மாவுப்பூச்சியின் கதையைத்தான் சொல்வேன். 1970களின் தொடக்கத்தில் காங்கோ பகுதியில் அது தோன்றி, ஆப்பிரிக்காவின் மரவள்ளியை அழித்துக்கொண்டே போனது. எதிரிப் பூச்சியைத் தேடித் தென் அமெரிக்காவுக்குப் போனார்கள். கயானாவிலும் வடகிழக்கு பிரேசிலிலும் அதே மாதிரி ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. அதன் ஒட்டுண்ணியைக் கொண்டுவந்து விட்டால் வேலை செய்யவில்லை. வகைப்பாட்டியலாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான் அது வேறு இனம் என்று தெரிந்தது. உண்மையான பூச்சி 1981ல் பராகுவேயில் கிடைத்தது. அதன் மேல் வாழ்ந்த அனகைரஸ் லோபெசி என்ற குளவியை லண்டனில் தனிமைக்காப்பில் வைத்துச் சோதித்து, அதே ஆண்டு நைஜீரியாவில் விட்டார்கள். அந்தப் பணியை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. பெயர் தெரியாமல் போன வருடங்களில் பசியோடு இருந்தவர்களுக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

அதே பூச்சி 2020ல் கேரளத்தின் திருச்சூரில் தலைகாட்டியது. பெங்களூர் நிறுவனத்தில் மாவுப்பூச்சிகளை மட்டுமே பல ஆண்டு பார்த்துவந்தவர்கள் இருந்ததால் பெயர் உடனே தெரிந்தது. பெயர் தெரிந்ததும் குளவி எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்தது. பெனின் நாட்டிலிருந்து 2021ல் வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். ஜவ்வரிசி ஆலைகளின் ஊரில் அது எவ்வளவு பெரிய செய்தி என்பதைச் சேலம், நாமக்கல்காரர்களைக் கேட்டால் தெரியும். ஆப்பிரிக்கா பல ஆண்டுகள் தேடியது நமக்கு இரண்டே ஆண்டில் கையில் கிடைத்தது. அதற்குக் காரணம் ஒரு பழைய பூச்சித் தொகுப்பும், அதைப் படிக்கத் தெரிந்த நாலு பேரும்.

இப்படிப்பட்டவர்கள் ஓய்வு பெறும்போது அந்த இடம் நிரப்பப்படுகிறதா என்று பாருங்கள். இந்தத் துறையில் எனக்கிருக்கும் பெரிய பயம் அதுதான்.

கொண்டுவந்து விடும் பூச்சியே பயிரைத் தின்னாதா?

நியாயமான பயம், நடந்தும் இருக்கிறது. 1941ல் உண்ணிச்செடியை அடக்க ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு வலைப்பூச்சியை டேராடூனுக்குக் கொண்டுவந்தார்கள். சோதனையில் அது தேக்கின் பூவையும் தொட்டது. வளர்ப்பை அழித்தார்கள், ஆனாலும் அது எப்படியோ வெளியேறி இன்று நாட்டில் இருக்கிறது. நல்லவேளை, தேக்குக்குப் பெரிய கேடு வரவில்லை.

பார்த்தீனியம் கதை வேறு மாதிரி. 1955ல் புனேயில் கண்டறியப்பட்ட அந்தச் செடி, ரயில் பாதையிலும் தரிசிலும் பரவி, தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் தந்தது. 1983ல் மெக்சிகோவிலிருந்து சைகோகிராமா என்ற வண்டைப் பெங்களூருக்குக் கொண்டுவந்து சோதித்து விட்டார்கள். நன்றாகவே தின்றது. 1990களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் சூரியகாந்தி இலையில் இந்த வண்டைப் பார்த்துவிட்டார்கள். பெரும் கூச்சல் எழுந்தது. வண்டு விடுவது நிறுத்தப்பட்டது. மத்திய அரசு உண்மை அறியும் குழு அமைத்தது. பக்கத்துப் பார்த்தீனியத்தின் மகரந்தம் சூரியகாந்தி இலையில் படிந்ததால் வண்டு கொறித்திருக்கிறது, சூரியகாந்தியில் அதனால் வாழ முடியாது என்று ஆய்வில் தெரிந்தது. தெரிவதற்குள் சில ஆண்டுகள் போய்விட்டன.

இரண்டு கதையிலும் பாதுகாப்புச் சோதனையில்தான் விஷயம் நிற்கிறது. தனிமைக்காப்புக் கூடத்தின் கதவு, காற்று வடிகட்டி, மின்சாரம், பூச்சிக்குக் கொடுத்துப் பார்க்கும் பல வகைச் செடி என்று செலவு பிடிக்கும் வேலை அது. அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

தோற்றுப்போன முயற்சிகள்?

நிறைய. அசாம் தேயிலைக்கும் கேரளக் காடுகளுக்கும் கேடான மைக்கேனியா கொடியை அடக்க, பிரிட்டிஷ் நிதியில் ஒரு துருநோய்ப் பூஞ்சையைக் கொண்டுவந்து 2005, 2006ல் விட்டார்கள். நிலைக்கவில்லை. உண்ணிச்செடிக்குப் பல பூச்சிகளை முயன்றும் எதுவும் அடக்கவில்லை. தோட்டக்காரர்கள் கலப்பினம் செய்துவைத்த செடி அது. ஒரு வகையைத் தின்னும் பூச்சி இன்னொன்றைத் தொடாது. தோல்வியையும் எழுதிவைக்க நிதி வேண்டும்.

வயலுக்கு இவ்வளவு கதை. காட்டுக்கு?

காட்டுக்கு வந்த பெரிய தரவு, புலியின் தயவில் வந்தது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் புலிக் கணக்கெடுப்பில் வனப் பணியாளர்கள் நடக்கும்போது, எந்தக் களை எவ்வளவு இருக்கிறது என்றும் குறிக்கிறார்கள். அதை வைத்துத்தான் இந்திய வனஉயிரின நிறுவனத்தினர் 2020ல் உண்ணிச்செடி சுமார் 1.54 லட்சம் சதுர கிலோமீட்டர் காட்டில், புலிகள் வாழும் பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் பரவியிருப்பதாக எழுதினார்கள். 2023ல் பதினொரு ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கு நாடு தழுவிய வரைபடம் வந்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட இடங்களில் எடுத்த தரவு அது. புலியைக் காக்க வந்த பணத்தில் இவ்வளவு கிடைத்தது. புலி இல்லாத காடுகளும், புதர்க்காடும், புல்வெளியும் அந்த அளவுக்குப் பார்க்கப்படவில்லை.

காசு அதிகம் வேண்டாத நல்ல ஆராய்ச்சியும் உண்டு. உண்ணிச்செடியை வெட்டினால் துளிர்க்கும், எரித்தால் இன்னும் அடர்த்தியாகத் துளிர்க்கும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சி.ஆர். பாபுவும் உடனிருந்தவர்களும் எங்கிருந்து துளிர்க்கிறது என்று உட்கார்ந்து பார்த்தார்கள். தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியிலிருந்து. அதனால் மண்ணுக்கு விரற்கடை கீழே வேரை வெட்டி, புதரை அப்படியே தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிட வேண்டும் என்றார்கள். ஒரு ஆள், ஒரு மண்வெட்டி. பிறகு அந்த இடத்தில் உள்ளூர்ப் புல்லை விதைத்து, பறவை எச்சத்தில் முளைக்கும் கன்றுகளை ஓரிரு வருடம் பிடுங்க வேண்டும். அந்தக் கடைசி வேலைக்குத்தான் பணம் தீர்ந்துபோகிறது.

தமிழ்நாடு 2022ல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கும் சூழல் மீட்புக்கும் தனிக் கொள்கை வெளியிட்டது. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் மஞ்சள் கொன்றை மரங்களை வெட்டித் தமிழ்நாடு காகித நிறுவனத்துக்குக் கூழ் ஆக்கத் தருகிறார்கள். மரத்தை அப்புறப்படுத்தும் செலவு குறைகிறது என்பது நல்ல விஷயம். மரம் விற்று வரும் வருமானத்தில் ஒரு பங்கை அதே இடத்தைப் பத்து வருடம் கண்காணிக்க ஒதுக்க வேண்டும் என்று நான் பார்க்கும் அதிகாரிகளிடமெல்லாம் கேட்டுவருகிறேன்.

சீமைக்கருவேலத்தை ஒழிக்க நீதிமன்றமே சொன்னதே?

சொன்னது. 1877ல் ஜமைக்காவிலிருந்து விறகுக்காகக் கொண்டுவரப்பட்ட மரம். 2017ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்ற உத்தரவிட்டு, மாவட்டந்தோறும் பொக்லைன்கள் இறங்கின. சில மாதங்களில் வேறொரு அமர்வு தடை விதித்தது. நிலத்தடி நீரை எவ்வளவு உறிஞ்சுகிறது, வெட்டினால் என்ன ஆகும் என்று இரு தரப்பும் வாதாடியபோது, நம் மண்ணில் பல ஆண்டு அளந்த தரவு மேசைமேல் போதுமான அளவு இல்லை. ராமநாதபுரத்தில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களை என்ன செய்வது என்பதற்கும் பதில் இல்லை. நூற்று நாற்பது ஆண்டு நம்மோடு இருந்த மரத்தைப் பற்றி அவ்வளவுதான் தெரிந்திருந்தது என்பது எனக்கு வலித்தது.

கடலுக்குள் என்ன நிலை?

மிகவும் பின்தங்கிய பகுதி. கப்பாபைகஸ் என்ற கடற்பாசி பிலிப்பைன்ஸ் பக்கத்தது. மண்டபம் பகுதியில் வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்டது. 2008ல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அது குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின் மேல் போர்வையாகப் படர்ந்திருப்பதை எழுதினார்கள். இன்னொரு பக்கம் கடற்பாசி வளர்ப்பு மீனவப் பெண்களுக்கு வருமானம். 2023ல் ராமநாதபுரத்தில் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வளர்ப்பை நான் எதிர்க்கவில்லை. அந்த 127 கோடியில் நூற்றில் ஒரு பங்கு பவளத்தைக் கண்காணிக்கப் போனால்கூட அது இந்தத் துறையில் பெரிய தொகை.

எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் மீனவர்கள் “காக்கா ஆழி” என்று சொல்லும் சிப்பி, தென் அமெரிக்கப் பூர்வீகம். கப்பல் ஆடாமல் நிலையாக நிற்க அடியில் ஏற்றிக்கொள்ளும் நீரோடு வந்திருக்கலாம் என்பது கணிப்பு. ஆற்றின் அடியில் பாய் விரித்தாற்போல் படிந்து, மட்டியும் இறாலும் இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அடிமண்ணைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்குத்தான் அது முதலில் தட்டுப்பட்டது. பசுமைத் தீர்ப்பாயம் வரை அதைக் கொண்டுபோனதும் அவர்கள்தான்.

நாட்டுக்கு மொத்த இழப்பு எவ்வளவு?

2022ல் வெளியான ஆய்வொன்று 1960 முதல் 2020 வரை குறைந்தது 12,730 கோடி டாலர், அதாவது சுமார் 8.3 லட்சம் கோடி ரூபாய் என்றது. அதில் பெரும்பகுதி எந்த இனத்தால், எந்த மாநிலத்தில் என்று பிரிக்க முடியாமல் கிடந்தது. பிரிக்க முடிந்ததில் கொசு போன்ற பூச்சிகளால் வந்த இழப்பே அதிகம். தடுக்கவும் கட்டுப்படுத்தவும் செலவழித்தது அதைவிடக் குறைவு. உலக அளவில், பல அரசுகள் சேர்ந்து நடத்தும் பல்லுயிர் அறிவியல் மன்றம் (IPBES) 2023ல் சொன்ன கணக்கு ஆண்டுக்கு 42,300 கோடி டாலருக்கு மேல்.

வெளிநாட்டு நிதி நின்றால்?

ஏற்கெனவே நிற்கத் தொடங்கிவிட்டது. பப்பாளிக் குளவி வருவதற்கு உதவிய ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மைத் திட்டம் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் நிதியில் ஓடியது. யுஎஸ்எய்ட் 2025 ஜூலையோடு மூடப்பட்டது. பணத்தைவிடத் தொடர்பு முக்கியம்: கோவையில் ஒரு பூச்சியைப் பார்த்ததும் போர்ட்டோ ரிக்கோவில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்திருந்த பிணைப்பு அது. அதை நம் நிறுவனங்கள் சொந்தக் காசில் கட்டிக் காக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. நம் நாட்டில் புதிய அயல் பூச்சிகள் கண்டறியப்பட்ட ஆண்டுகள் இவை: தென்னை ஈரியோபைட் சிலந்தி 1998, பப்பாளி மாவுப்பூச்சி 2008, தக்காளி ஊசிப்புழு 2014, பொள்ளாச்சியில் சுருள் வெள்ளை ஈ 2016, படைப்புழு 2018, மரவள்ளி மாவுப்பூச்சி 2020. இடைவெளி குறைந்துகொண்டே வருவதைப் பாருங்கள்.

என் தோட்டத்தில் இதுவரை பார்க்காத பூச்சியையோ செடியையோ கண்டால் என்ன செய்வது?

முதலில் மருந்து அடிக்காதீர்கள். அடித்தால் பூச்சியோடு அதன் எதிரியும் போய்விடும். சுருள் வெள்ளை ஈ வந்தபோது அடித்தவர்களின் தோப்பில் அந்த ஈயின் எதிரியான என்கார்சியா குளவி நிலைக்கத் தடுமாறியது. விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டிப் பொறுத்திருந்தவர்கள் தோப்பில் அது பெருகியது.

செல்போனில் இலையின் மேற்புறம், அடிப்புறம், பூச்சி மட்டும் என்று தனித்தனியாகப் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள், அளவு தெரியும். சிறிய மருந்துப் புட்டியில் சானிடைசர் ஊற்றி நாலைந்து பூச்சியைப் போட்டு மூடி, தேதி, ஊர், பயிர் எழுதி ஒட்டுங்கள். உயிரோடு வேறு ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள், நடவுக்குச்சியும் கொடுக்காதீர்கள். அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ வேளாண் கல்லூரியின் பூச்சியியல் துறையிலோ கொடுங்கள். செடியென்றால் பூவோடு ஒரு கிளையைச் செய்தித்தாளுக்குள் அழுத்திக் காயவைத்து எடுத்துப் போங்கள். வாங்கிக்கொண்டவரின் பெயரையும் தேதியையும் குறித்துவைத்து, பதினைந்து நாள் கழித்து “பெயர் தெரிந்ததா?” என்று போன் செய்து கேளுங்கள்.